மடூல்சீமையில் படிந்த மஞ்சள் தூள்

ஹயாவோ மியாசாகியின் 'நௌசிகா' அசைவூட்டப் படம் 1984இல் ஜப்பானில் வெளியானது. ஏழு நாள் தீயில் நாகரிகம் எரிந்துபோய் ஆயிரம் ஆண்டு கழிந்த உலகம் அதில் வருகிறது. பூமியின் பெரும்பகுதியை நச்சுப் பூஞ்சைக் காடு மூடிவிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வித்து காற்றோடு வந்து படிந்தால் போதும், ஊரே போய்விடும். ஒரு காட்சியில் பள்ளத்தாக்கின் கிழவர்கள் கையில் தீக்குழாயோடு நடந்து, அந்த வித்துகளைத் தேடித் தேடி எரிக்கிறார்கள்.

இலங்கையின் பதுளை மாவட்டத்தின் பழைய தோட்டக் கதைகளை அறிந்தவருக்கு அந்தக் காட்சி முழுக்கப் புதிதாக இருக்காது. 1869இல் மடூல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்து இலைகளின் அடிப்பக்கம் மஞ்சளும் செம்மையும் கலந்த தூள் படிந்திருந்தது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் த்வைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரும் பூஞ்சையியலாளருமான பெர்க்லி அதை அதே ஆண்டில் விவரித்து, ஹெமிலியா வஸ்தாத்ரிக்ஸ் என்று பெயரிட்டார். கோப்பி இலைத்துரு நோயின் அறிவியல் வரலாறு இந்த ஊவா மலைச்சரிவிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த நோய் மரத்தை ஒரேயடியாகக் கொல்வதில்லை. இலை உதிரும், மறுபடி துளிர்க்கும், அதுவும் உதிரும். மரம் நின்றபடியே இருக்கும், காய்ப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு வற்றும். அந்த மெதுவான போக்குதான் எல்லோரையும் ஏமாற்றியது. 1870இல் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி பத்து லட்சம் அந்தரைத் தொட்டிருந்தது. அடுத்த ஆண்டுகளில் ஏக்கருக்குக் கிடைத்த விளைச்சல் சரிந்தது, ஆனால் ஐரோப்பியச் சந்தையில் விலை ஏறியது. கைக்குக் காசு வந்துகொண்டிருந்தபோது இலையை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? துரைமார் குறைந்த விளைச்சலை ஈடுகட்ட இன்னும் காடு வெட்டினார்கள். 1878இல், அதாவது நோய் கண்டு ஒன்பது ஆண்டுக்குப் பிறகு, கோப்பி நிலம் சுமார் 2,75,000 ஏக்கராகி உச்சத்தை எட்டியது. உலகம் அழியும் படங்களில் மேலதிகாரிகள் எச்சரிக்கையைக் கேட்காமல் இருக்கும் காட்சி மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றும். இந்தக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

மழை சரியில்லை, எரு போதவில்லை, மண் களைத்துவிட்டது என்று காரணங்கள் வந்தன. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தார்கள். 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்து இரண்டு ஆண்டு இருந்தார். வித்து எப்படி முளைக்கிறது, எப்படி இலைக்குள் நுழைகிறது என்பதை நுட்பமாகக் காட்டினார். ஆனால் அவரிடம் துரைமார் எதிர்பார்த்தது மருந்து. அவர் சுட்டிக்காட்டியதோ, மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிரை நட்டதையும், காற்றைத் தடுக்க மரம் விடாததையும். நௌசிகாவும் தன் இரகசியத் தோட்டத்தில் இதையொத்த ஒன்றைத்தான் கண்டுபிடிக்கிறாள்: குற்றம் செடியில் இல்லை. சுத்தமான மண்ணிலும் நீரிலும் வளர்த்தால் அதே செடிகளில் நஞ்சு இல்லை. அவள் சொன்னதையும் அதிகாரத்தில் இருந்தவர்கள் கேட்கவில்லை.

1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கடனில் நின்ற தோட்டங்கள் கைமாறின, சில காடேறின. பட்டுப்போன கோப்பித் தூர்களை இங்கிலாந்துக்கு ஏற்றி, தேநீர் மேசைக்குக் கால் செய்தார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. உண்மையோ பொய்யோ, யாரோ கசப்போடு சிரித்துச் சொன்ன கதை அது. 'வால்-ஈ' படத்தில் குப்பையான பூமியை விட்டு மனிதர்கள் கப்பலேறிப் போய்விடுவார்கள். பல துரைமாரும் அப்படித்தான் கப்பலேறினார்கள்.

கப்பலில் இடம் இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் வேறு ஒரு அழிவிலிருந்து வந்தவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், முன்பணக் கடனோடு கங்காணிமார் பின்னால் வந்தவர்கள் ஏராளம். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மலைக்கு நடந்தார்கள். ஊரில் சோறில்லை என்று வந்து சேர்ந்த இடத்தில் கோப்பி செத்துக்கொண்டிருந்தது. நட்டமடைந்த தோட்டங்களில் கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்றது. துரைமாரின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் நூலகங்களில் இருக்கின்றன. இந்தத் தொழிலாளர்களின் பக்கம் பெரும்பாலும் வாய்மொழிப் பாட்டில்தான் மிஞ்சியது.

இடையில் சிங்கோனா வந்தது. குயினைன் விலை ஏறியதும் எல்லோரும் அதை நட்டார்கள், எல்லோரும் நட்டதால் விலை விழுந்தது. பிறகு தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கத்து லூல்கந்துரையில் 1867இலேயே அதைப் பயிரிட்டிருந்தார், அப்போது கவனித்தவர் குறைவு. 1895 வாக்கில் இலங்கையில் தேயிலை சுமார் மூன்று லட்சம் ஏக்கரில் நின்றது. பதுளையைத் தலைநகராகக் கொண்டு ஊவா தனி மாகாணமானது 1886இல், இந்தக் குழப்பத்தின் நடுவே. 1890இல் தாமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893இல் ரயில் அப்புத்தளையை எட்டியது, மறு ஆண்டு பண்டாரவளையை. பதுளை 1924 வரை காத்திருந்தது.

சரித்திரப் புத்தகங்கள் இதைத் துரைமாரின் விடாமுயற்சிக் கதையாக எழுதுகின்றன. அதைவிடப் பெரிய மாற்றம் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் நடந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் நிறையக் கை வேண்டும். பெரும்பாலும் ஆண்கள் வந்து, சில மாதம் உழைத்து, ஊர் திரும்பினார்கள். தேயிலைக் கொழுந்தையோ ஆண்டு முழுக்க, வாரத்துக்கு வாரம் எடுக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள், குடும்பம் மலையில் தங்கியது. இலைத்துரு கோப்பியை அழித்திருக்காவிட்டால் மலையகத் தமிழர் என்றொரு சமூகம் இன்றுள்ள அளவில் உருவாகியிருக்குமா என்பது சந்தேகமே.

தங்கிய மக்கள் கோயில் கட்டினார்கள், கூத்து ஆடினார்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த காமன் கூத்து மாசி மாதத்தில் காமன் பொட்டலில் நடக்கும். மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பல இரவுகள் தப்போடும் பாட்டோடும் நீளும். சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் சாம்பலாவான். ரதி வேடம் கட்டிய ஆண் புலம்பும்போது பொட்டலே சேர்ந்து அழும். பிறகு மன்மதன் எழுப்பப்படுவான், ஆனால் ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான். போனது அப்படியே திரும்பாது, பாதிதான் திரும்பும். அழிவுக்குப் பின் பச்சைப்பசேலென்று முடியும் எத்தனையோ படங்களைவிட இந்த முடிவு நேர்மையானது.

'வால்-ஈ'யில் மனிதர்கள் கடைசியில் பூமிக்கு இறங்கி, ஒரு பழைய சப்பாத்துக்குள் வளர்ந்த சிறு செடியை மண்ணில் நடுகிறார்கள். அந்த மண் யார் பெயரில் இருக்கிறது என்று படம் கேட்பதில்லை. ஊவாவில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். எழுந்து போவதற்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் அங்கிருந்தவர்களிடம் இல்லை. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதையொட்டி 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. முன்னோர் நடந்த அதே வழி. நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் இருந்தன.