கணவாய்கள் ஊட்டிய நாடு

சென்ற வாரம் உங்களை லே நகரில், லடாக் மன்னர் செங்கே நம்கியால் எழுப்பிய ஒன்பது மாடி அரண்மனையின் வாசலில் நிறுத்தியிருந்தேன். அண்ணாந்து பார்க்கிற எவருக்கும் வருகிற கேள்விதான்: இதற்குப் பணம் ஏது? லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டு முழுக்க மழையும் பனியும் சேர்ந்து பத்து சென்டிமீட்டர் தேறினால் பெரிது. பனி உருகி வரும் தண்ணீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி பார்லி விதைப்பார்கள். தாழ்வான ஊர்களில் ஆப்ரிகாட் காய்க்கும். வாய்க்கும் வயிற்றுக்குமே போதாத இந்த மண்ணில் அரண்மனையைக் கட்டியது கணவாய்களில் வந்த காசு.

லடாக்கியர் மொழியில் ‘லா’ என்றால் கணவாய். மேற்கே சோஜி லா ஏறி இறங்கினால் காஷ்மீர். வடக்கே கர்துங் லா தாண்டினால் நுப்ரா, அதற்கும் அப்பால் யார்க்கந்து. கிழக்கே சாங் லா வழியாகத் திபெத்தின் மேய்ச்சல் வெளி. தெற்கே பாரலாசா லா வழியாக லாஹுல், குலு. எல்லாப் பாதையும் லே கடைத்தெருவில் வந்து முட்டும். ஒரு திசையிலிருந்து வந்த வணிகருக்கு அடுத்த திசைக்குப் போகப் புதுக் குதிரை, வழி தெரிந்த ஆள், தீவனம், சில சமயம் கடன்கூட வேண்டும். இவற்றைக் கொடுத்தே லே பிழைத்தது.

சரக்குகளில் ராஜா, ஆட்டு மயிர். சாங்தாங் பீடபூமியின் கடுங்குளிரில் ஆடுகளுக்கு முரட்டு மயிருக்கு அடியில் பஞ்சுபோல் ஓர் அடுக்கு வளரும். அதுதான் பஷ்ம். குளிர் விட்டதும் அது தானாகக் கழலத் தொடங்கும். சாங்பா மேய்ப்பர்கள் ஆட்டைப் படுக்கவைத்துக் காலைக் கட்டிச் சீப்பால் வாரி எடுப்பார்கள். முரடு நீக்கிய பிறகு ஓர் ஆட்டுக்குக் கையளவு மிஞ்சும். ஓர் இழையின் பருமன் 12 முதல் 15 மைக்ரான். நம் தலைமுடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்ரீநகரின் சால்வைத் தறிகள் இந்த இழையை நம்பியே ஓடின.

அந்த இழை எவ்வளவு பெரிய விஷயம் என்பது 1684-இல் தெரிந்தது. திபெத்துடன் ஐந்தாண்டு போருக்குப் பிறகு திங்மோஸ்காங்கில் உடன்படிக்கை ஆயிற்று. குகே, புராங், ருடோக் என்று மேற்குத் திபெத்தையே லடாக் இழந்தது. பஷ்மை மட்டும் விடவில்லை. ருடோக் பக்கத்து மயிரை லே அரசவையின் வணிகர்தான் வாங்கலாம். காஷ்மீரிலிருந்து வருபவர் சாங்தாங்கில் கால் வைக்கக் கூடாது. லேவை அடுத்த ஸ்பிடுக்கில் நான்கு காஷ்மீரி வணிகர் தங்கி வாங்கிக்கொள்ளட்டும். லாசாவிலிருந்து ஆண்டுதோறும் 200 சுமை கட்டித் தேயிலை லடாக்குக்கு வரும். லடாக்கிலிருந்து மூன்றாண்டுக்கு ஒருமுறை காணிக்கையுடன் ‘லோப்சக்’ தூதுக்குழு லாசா போகும். ஒரு சமாதான ஒப்பந்தத்தில் ஆட்டு மயிருக்கும் தேயிலைக்கும் இத்தனை இடம் கொடுத்தவர்களின் கூர்மை என்னை வியக்க வைக்கிறது. நிலத்தைவிட வழி முக்கியம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

தெரிந்துகொண்டவர்கள் அவர்கள் மட்டுமல்ல. 1834-இல் ஜம்முவின் டோக்ரா படையோடு அதன் தளபதி ஜோராவர் சிங் வந்தார். நம்கியால்களின் ஆட்சி சரிந்தது. மயிர் விளையும் மேய்ச்சல் வெளியையே பிடிக்க 1841-இல் திபெத்துக்குள் போனவர், டிசம்பர் குளிரில் தக்லாகோட் அருகே மாண்டார். மறு ஆண்டு எழுதிய ஒப்பந்தமும், பஷ்மும் தேயிலையும் பழைய வழக்கப்படியே போகட்டும் என்றது.

வடக்குப் பாதையின் கதை வேறு. யார்க்கந்து போகக் கர்துங், சாசர், காரகோரம், சுகெத், சாஞ்சு என ஐந்து கணவாய்கள். காரகோரம் 5,540 மீட்டர். கோடையில் ஷியோக் ஆறு பெருகி வழியை அடைக்கும். அப்போது சாசர் பனியாற்றின் மேல் ஏறிக் கடக்க வேண்டும். குளிரில் ஆறு வற்றி உறையும்போது அதன் படுகையிலேயே நடப்பார்கள். முன்னதற்குத் ‘தாபிஸ்தானி’, பின்னதற்கு ‘ஜமிஸ்தானி’ என்று பெயர். வடக்கிலிருந்து பட்டு, கம்பளம், வெள்ளி, சரஸ் என்னும் கஞ்சாப் பிசின். தெற்கிலிருந்து துணி, சாயம், மசாலா, அபின். பல இடங்களில் வழிகாட்டி, செத்த குதிரைகளின் எலும்புகள்தான். சுமை தூக்கிய விலங்குகளுக்கும் அவற்றோடு நடந்தவர்களுக்கும் அரச வம்சப் பட்டியல்களில் இடமில்லை. அபூர்வமாக ஒருவர் பேர் நிற்கிறது: லேயின் ரசூல் கால்வான். சிறுவனாகப் பயணிகளுக்கு எடுபிடியாகச் சேர்ந்து, வணிகச் சாத்துகளை மேற்பார்க்கும் ‘அக்சகல்’ ஆக உயர்ந்தவர். 1923-இல் தன் கதையை நூலாகத் தந்தார். கால்வான் பள்ளத்தாக்கு அவர் பெயரைச் சுமக்கிறது.

1949-இல் யார்க்கந்து உள்ள சின்ஜியாங் சீனக் கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் வந்தது; காரகோரம் பாதை ஓய்ந்தது. சுமை சுமந்த இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நுப்ராவின் ஹுந்தர் மணல்மேடுகளில் தங்கிவிட்டன. கார்கிலில் முன்ஷி அஜீஸ் பட் 1920-இல் கட்டிய சத்திரம் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. பின்னாளில் குடும்பத்தார் திறந்தபோது சேணங்கள், கம்பளங்கள், ஐரோப்பியப் பொத்தான்கள் எல்லாம் உள்ளே அப்படியே இருந்தன, அடுத்த சாத்து வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்பதுபோல.