மஸ்டர் ரோலைப் படித்துக் காட்டியபோது

முப்பத்திரண்டு வருடம் அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவன் நான். மஸ்டர் ரோல், எம்-புக் எல்லாம் இரும்பு பீரோவில் பூட்டியே இருக்கும். கூலியாள் யாராவது வந்து கேட்டால், "அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டு, காட்டக்கூடாது" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன். அது தவறென்று அப்போது தோன்றியதில்லை.

அதே காலத்தில் ராஜஸ்தானில் கூலியாட்கள் அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வறட்சி நிவாரண வேலையில் மண் சுமந்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிகூட முழுதாகக் கைக்கு வரவில்லை. கேட்டால், "நீங்கள் செய்த வேலை அவ்வளவுதான், கணக்கில் இருக்கிறது" என்று பதில். அப்படியானால் கணக்கைக் காட்டுங்கள் என்றார்கள். 1990 மே தினத்தன்று பீம் என்ற ஊரில் 'மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன்' உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் அருணா ராய். சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டுக் கிராமத்துக்குப் போனவர்.

1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் 'ஜன் சுன்வாய்', அதாவது மக்கள் விசாரணை நடந்தது. ஊரைக் கூட்டி வைத்து மஸ்டர் ரோலைச் சத்தமாகப் படித்தார்கள். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது. முடிந்ததாகக் கணக்குக் காட்டிய கட்டடம் அரைகுறையாக நின்றது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் எழுந்து நின்று பொய்யைச் சொல்லிக்காட்டினார்கள். பெயருக்கு உரியவரே எதிரில் நிற்கும்போது எந்த ஆடிட்டர் வேண்டும்?

கணக்கின் நகல் தரப்படும் என்று 1995-ல் முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். உத்தரவு வரவில்லை. 1996-ல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தார்கள். கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, ஊர்க்காரர்களும் கைகொடுத்தார்கள்.

1997-ல் தமிழ்நாடு முதல் மாநிலமாகத் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது. ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம். நாடு முழுமைக்குமான சட்டம் 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு இயற்றப்பட்ட நூறு நாள் வேலைச் சட்டத்தில், கிராம சபையே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையும் இடம் பெற்றது.

ஓய்வு பெற்றபின் எங்கள் தெருச் சாலைக் கணக்கைக் கேட்டு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நானும் ஒரு மனுப் போட்டேன். நகல் வந்தது. பிரித்தபோது, நான் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை கூடும்போது போய் உட்காருங்கள். கணக்கைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.