சாய்ந்த சக்கரம்

ழாக் ஆன்ரி லார்த்திக் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தில் கார் முழுசாக இல்லை. முன்பாதி சட்டத்துக்கு வெளியே ஓடிவிட்டது. மிஞ்சியிருப்பது பின்சக்கரம், வண்டியின் உடம்பில் 6 என்ற எண், ஓட்டுகிறவர், அவர் பக்கத்தில் மெக்கானிக். சக்கரம் வட்டமாக இல்லை. முன்பக்கம் சாய்ந்த முட்டையாக இருக்கிறது. சாலையோரத்து ஜனங்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கமாகச் சாய்கிறார்கள். காற்றில் பிய்த்துக்கொண்டு போவது வண்டியா, பூமியா என்று ஒரு கணம் சந்தேகம் வருகிறது.

இந்தச் சாய்வை எந்தக் கலைஞனும் உத்தேசிக்கவில்லை. அந்நாளைய தகட்டுக் காமிராவில் திரைச்சீலை ஷட்டர் இருந்தது. சீலையில் ஒரு பிளவு. அது தகட்டின் குறுக்காக மேலும் கீழுமாக நகர்ந்து ஒளியைக் கீற்றுக் கீற்றாக விழச் செய்யும். சக்கரத்தின் அடிப்பாகம் பதிவாகி மேல்பாகம் பதிவாவதற்குள் கார் கொஞ்சம் முன்னேறிவிடுகிறது. ஆகவே சாய்வு. லார்த்திக் காமிராவையும் காரோடு திருப்பினார். ஆனால் காரின் வேகத்துக்குத் திருப்ப முடியவில்லை. அதனால் நின்றுகொண்டிருந்தவர்கள் பின்னால் சாய்ந்தார்கள், கார் முன்னால் சாய்ந்தது. ஒரே படத்தில் இரண்டு வேகங்கள் பதிவாகியிருக்கின்றன: வண்டியின் வேகமும், அதைப் பிடிக்கத் திரும்பி எட்டாமல் போன ஒரு இளைஞனின் இடுப்பின் வேகமும். இரண்டாவது வேகம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

படம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் லார்த்திக் நினைத்தார். நெடுங்காலம் அதை ஒதுக்கி வைத்திருந்தார். தன்னை ஓவியர் என்றே எண்ணி வாழ்ந்த மனிதர் அவர். 1963இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜான் ஸார்கவ்ஸ்கி அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது லார்த்திக்குக்கு அறுபத்தொன்பது வயது. அதே ஆண்டு நவம்பரில் 'லைஃப்' பத்திரிகையும் அவர் படங்களை வெளியிட்டது. கென்னடி கொலையுண்ட செய்தி வந்த இதழ் அது. அமெரிக்காவே வாங்கிப் படித்தது. கெட்டுப்போன தகடு நவீனத்துவத்தின் முன்னோடியாயிற்று. விமர்சகன் செய்யக்கூடிய காரியம் இது. படிமம் பற்றி நாம் எத்தனையோ பக்கங்கள் எழுதியாயிற்று. படைத்தவன் தள்ளிவைத்ததை வேறொருவன் கண்டு சொல்வது பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

ஆனால் ஸார்கவ்ஸ்கியின் கண்ணுக்கும் ஒன்று தப்பிவிட்டது. படத்தின் கீழே பல பத்தாண்டுகள் அச்சான விளக்கம் 'தெலாஜ் கார், பிரெஞ்சு கிராண்ட் பிரி, 1912' என்பது. 1912 கிராண்ட் பிரியில் தெலாஜ் கார் எதுவும் ஓடவில்லை. பிற்பாடு பழைய பந்தயப் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் வந்த முடிவு வேறு: இது ஷ்னைடர் கம்பெனியின் கார், ஓட்டியவர் க்ரோகே, இடம் ஆமியான் நகரையொட்டிய சாலை, நாள் 1913 ஜூலை 12. அன்று ஏறக்குறைய 917 கிலோமீட்டர் ஓடி வென்றவர் பெஜோ காரில் வந்த ஜார்ஜ் புவாலோ. புவாலோவின் சகா ஸுக்காரெல்லி அதற்குச் சில வாரங்களுக்கு முன் பயிற்சி ஓட்டத்தில், சாலையின் குறுக்கே வந்த ஒரு வண்டியில் மோதி இறந்திருந்தார். க்ரோகே எதையும் ஜெயிக்கவில்லை. உலகத்திலேயே அதிகம் அச்சான பந்தயப் படங்களில் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, அரை நூற்றாண்டுக்கும் மேலாக வேறொரு கம்பெனியின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தார். அவ்வளவு கிட்டத்தில் நின்று எடுத்த படம், ஆளின் பெயரைக் கூடச் சொல்லவில்லை.

நிறத்தையும் சொல்லவில்லை. 1900இல் தொடங்கிய கார்டன் பென்னட் கோப்பைப் பந்தயங்களிலிருந்து தேசத்துக்கு ஒரு நிறம் என்று வழக்கம் வந்தது. பிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளை. பச்சை பிரிட்டனுக்கும் சிவப்பு இத்தாலிக்கும் பின்னால் நிலைத்தன. அந்நாளில் புழங்கிய தகடுகளில் பெரும்பாலானவைக்குச் சிவப்பு தெரியாது. நீலம் மட்டுமீறித் தெரியும். எனவே இத்தாலியின் சிவப்பு கரியாகவும் பிரான்ஸின் நீலம் வெளிறிய சாம்பலாகவும் விழுந்தன. பழைய படங்களில் நாம் 'கம்பீரமான கறுப்பு' என்று ரசிப்பது பல சமயம் ரசாயனத்தின் குருடு.

லார்த்திக் நின்ற இடம் சாலையோரம். அதற்கும் கிட்டத்தில் போனவர் லூயி கிளெமன்டாஸ்கி. சீனத்து ஹார்பின் நகரில் 1912இல் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். 1930களில் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் படமெடுக்கத் தொடங்கியவர். 1957 மே 12ஆம் தேதி, இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில், பீட்டர் காலின்ஸ் ஓட்டிய பெராரியில் பக்கத்து ஆசனத்தில் வழிகாட்டியாக உட்கார்ந்துகொண்டு, வழி சொல்லும் நேரம் போகப் படமெடுத்தார். ஸ்டீரிங்கின் மேல் காலின்ஸின் கைகள், காற்றுத் தடுப்புக்கு அப்பால் விரையும் சாலை, இருமருங்கும் கைநீட்டினால் தொடுகிற மாதிரி ஜனங்கள். இங்கே பார்க்கிறவன் சாலையோரத்தில் இல்லை. வண்டியே அவன் கண். முன்னணியில் இருந்த கார் பார்மா அருகே கோளாறாகி நின்றது. காலின்ஸ் மறு வருஷம் நூர்பர்க்ரிங் விபத்தில் இறந்தார்.

அதே மே 12, அதே சாலை, பார்மாவைத் தாண்டி வடக்கே. பந்தயம் முடியும் பிரெஸியாவுக்குச் சில பத்து கிலோமீட்டர்களே இருக்கையில், குய்டிட்ஸோலோ கிராமத்தருகே தெ போர்த்தாகோவின் பெராரி டயர் வெடித்து ஜனங்களுக்குள் பாய்ந்தது. அவரும் கூட வந்த நெல்ஸனும் மாண்டார்கள். வேடிக்கை பார்த்த ஒன்பது பேர் மாண்டார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். பந்தயம் அத்துடன் முடிந்தது. என்ஸோ பெராரி மேல் வழக்கு நடந்து, 1961இல் அவர் விடுவிக்கப்பட்டார். கிளெமன்டாஸ்கியின் படங்களில் கைநீட்டி நிற்கிறவர்களை இப்போது பார்க்கும்போது, எந்த ஊர்க்காரர்கள், அன்று மாலை வீடு திரும்பினார்களா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

1977 முதல் மில்லே மிலியா பழங்கார்களின் நிதான ஓட்டமாக மறுபடி நடக்கிறது. 1957 வரையில் தயாரான கார்களுக்கு மட்டும் அனுமதி. பிரெஸியாவின் வித்தோரியா சதுக்கத்தில் கார்கள் முத்திரையிடப்படுவதற்காக வரிசையில் நிற்கும். காமிராக்காரர்கள் முட்டிபோட்டு, ஓர் அடி தூரத்தில், கறுப்பு வெள்ளையில் எடுக்கிறார்கள். ஆரக்கால்கள், பானெட்டைக் கட்டும் தோல் வார், ரிவெட் வரிசை, கண்ணாடிபோலப் பளபளக்கும் வெளிச்சக் குடம். பலவும் அழகான படங்கள். சில படங்களில் உலோகத்தின் தோலைக் கையால் தடவுகிற உணர்வு வருகிறது. ஆனால் ஓடாத சக்கரம் எவ்வளவு கிட்டப் போனாலும் வட்டமாகவே இருக்கிறது. ஓடும் காரைப் பிடிக்க லார்த்திக்குக்குக் கறுப்பு வெள்ளைதான் கைக்கு எட்டிய வழி. இவர்களுக்கு அது விரும்பிப் பூசும் பழமை. கிட்டப் போகப் போகச் சட்டத்திலிருந்து முதலில் வெளியேறுகிறவன் மெக்கானிக். அடுத்தது எண்ணெய்க் கறை. பிறகு வேலியோரத்து ஜனங்கள்.

விபத்து நடந்த இடத்தில் வயல்களுக்கு நடுவே ஒரு நினைவுக்கல் இருக்கிறது.