பலாமரத்தடிச் சங்கிலி

கடந்த மாசி மாதம் எங்கள் வீட்டு நாய் மைலோ இறந்துபோனான். 13 வயது. மிருக வைத்தியசாலையில் அவனுடைய கழுத்துப்பட்டியை ஒரு சின்னக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள். ஸ்காபரோவுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பை மகளின் மடியில் இருந்தது. அவள் அழவில்லை. இரண்டு நாள் கழித்து என் அறைக்கு வந்து, "அப்பா, நாய்களைப் பற்றி நல்ல புத்தகம் ஏதும் இருக்கா? ஆறுதல் சொல்லுற புத்தகம் வேண்டாம்" என்றாள்.

இருந்தது. ஒரு தட்டு நிறையவே இருந்தது. ஏன் இவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன் என்று அவளுக்கு நான் சொன்னதில்லை.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை ஒலிபெருக்கிகள் அறிவித்ததும் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடக்கத் தொடங்கியது. அந்த இரவைப் பற்றி எங்கள் ஆட்கள் நிறைய எழுதிவிட்டார்கள். மழை, நெரிசல், நாவற்குழிப் பாலம், ஓரடி வைக்க ஒரு மணித்தியாலம். நாய்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை. எங்கள் ஜிம்மி பின்வளவில் பலாமரத்தோடு கட்டியிருந்தது. அம்மம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அம்மா பின்னால் பிடிக்க, நான் உருட்டிக்கொண்டு படலையைத் தாண்டினேன். அடுத்த வருடம் சித்திரையில் திரும்பிப் போனபோது மரத்தடியில் சங்கிலி கிடந்தது. கொளுக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. அம்மா அவிழ்த்துவிட்டிருப்பார் என்று எனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை.

அதனால்தான் மகளிடம் முதலில் எடுத்துக் கொடுத்தது ஒரு கதைப் புத்தகம் அல்ல. ஹில்டா கீன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர் 2017இல் வெளியிட்ட 'த கிரேட் கேட் அண்ட் டாக் மாஸக்கர்'. 1939 செப்டெம்பரில் பிரித்தானியா போரில் இறங்கியது. அந்த முதல் வாரத்தில் மட்டும் லண்டன் மக்கள் தங்கள் வீட்டுப் பூனைகளையும் நாய்களையும் ஏறக்குறைய 4 இலட்சம் அளவில் கொண்டுபோய்க் கொல்லக் கொடுத்தார்கள். நகரத்தில் இருந்தவற்றில் இது கால்வாசிக்கும் சற்று அதிகம். ஒரு குண்டுகூட அப்போது விழுந்திருக்கவில்லை. லண்டன் மீது தொடர் குண்டுவீச்சு ஆரம்பித்தது அடுத்த வருடம்தான். அரசாங்கம் கொல்லச் சொல்லிக் கட்டளையும் இடவில்லை. பிராணிகளைக் கிராமங்களுக்கு அனுப்புங்கள், முடியாவிட்டால் அவற்றை அழித்துவிடுவதே கருணை என்ற மாதிரியான ஓர் அறிவுரை மட்டும் இருந்தது. சனங்கள் மிருக வைத்தியசாலைகளின் வாசலில் வரிசையில் நின்றார்கள்.

கீன் இதைக் குற்றப்பத்திரிகையாக எழுதவில்லை. நாட்குறிப்புகளையும் குடும்பங்களில் வழங்கிய பேச்சுகளையும் தேடிப் போகிறார். கொல்லக் கொடுக்காமல் வைத்திருந்தவர்கள் பிறகு அதே பிராணிகளோடு பதுங்குமிடத்தையும் சாப்பாட்டையும் பகிர்ந்துகொண்டதைச் சொல்கிறார். தன் மாளிகையையே லண்டன் பிராணிகளுக்குப் புகலிடமாக்கிய ஹமில்டன் கோமகளைப் பற்றிச் சொல்கிறார். எல்லோரும் சேர்ந்து நின்று போரை வென்றோம் என்ற தேசியக் கதைக்குள் இந்த ஒரு வாரம் எப்படிக் காணாமல் போனது என்பதுதான் அவருடைய கேள்வி. வாசிக்க இலகுவான நூல் அல்ல, சில அத்தியாயங்கள் பல்கலைக்கழகக் கட்டுரைபோல் இழுபடும். ஆனாலும் இடம்பெயர்ந்த குடும்பம் ஒவ்வொன்றும் வாசிக்கலாம்.

மகள் நாலு நாளில் முடித்துவிட்டு வந்தாள். "இதில நாய் ஒன்றுக்கும் பேர் இல்லாத மாதிரி இருக்கு. எண்ணிக்கைதான் கூட" என்றாள். நியாயமான குறைதான். பெயருள்ள நாயைத் தேடி நான் அவளை ஆயிரம் வருடம் பின்னால் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இராஜாதித்தனைத் தெரிந்திருக்கும். முதலாம் பராந்தகனின் மகன், வீராணம் ஏரியோடு பெயர் சேர்ந்தவன், தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடி இறந்தவன். அவனைக் கொன்றவன் கங்க மன்னன் பூதுகன் என்று சொல்லும் கல்வெட்டு ஒன்று கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்தது. கன்னடக் கல்வெட்டு, கி.பி. 949-50 அளவினது. சோழ வரலாற்றுப் புத்தகங்கள் எல்லாம் அதை மேற்கோள் காட்டும். ஆனால் அந்தக் கல் நடப்பட்டது இராஜாதித்தனுக்காக அல்ல, பூதுகனுக்காகவும் அல்ல. காளி என்ற ஒரு வேட்டை நாய்க்காக.

பூதுகனின் வீரன் மணலேரன் சோழருக்கு எதிரான போரில் முன்னணியில் நின்றவன். வேண்டியதைக் கேள் என்று சொல்லப்பட்டபோது அவன் கேட்டது இந்த நாயை. பிறகு ஒரு நாள் காளியைப் பெரிய காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவினார்கள். இரண்டும் பொருது இரண்டும் இறந்தன. மணலேரன் கோயில் முன்னால் கல் நட்டு, அதற்கு நிலமும் விட்டான். அந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசகர் பாவத்துக்கு ஆளாவார் என்றும் எழுதிவைத்தான். நாயும் பன்றியும் மோதும் புடைப்புச் சிற்பம் கல்லின் மேற்பகுதியில் இருக்கிறது. இப்போது அது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில். ஒரு பேரரசின் தோல்வி நாயொன்றின் நினைவுக்கல்லில் பின்னணித் தகவலாக வந்து போகிறது. எனக்கு இதில் ஒரு சின்னச் சந்தோசம் உண்டு, மறைக்கவில்லை.

தமிழிலும் அப்படி ஒன்று இருக்கிறது, அதைவிட 300 வருடம் பழையது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல். கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்திருக்கிறான். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்து அங்கேயே காத்து நின்றதாம். வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். எங்கள் மொழியில் நாய் என்பது வசைச்சொல் என்று மட்டும் நினைத்து வளரும் இங்கத்தைய பிள்ளைகளுக்கு இந்தக் கல்லின் படத்தைக் காட்டுங்கள். இதற்கு வழிகாட்டியாகத் தியடோர் பாஸ்கரன் ஆங்கிலத்தில் 2017இல் எழுதிய 'த புக் ஆஃப் இந்தியன் டாக்ஸ்' வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று ஊர்ப்பெயர் சுமந்து திரியும் நாய்களின் வரலாறு அதில் கிடைக்கும். தமிழிலும் அவர் இதைப்பற்றி எழுதியிருக்கிறார்.

மகளுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. வெர்ஜினியா வூல்ஃப் 1933இல் வெளியிட்ட 'ஃப்ளஷ்'. கவிஞர் எலிசபெத் பாரட் பிரௌனிங்கின் ஸ்பானியல் நாயின் வாழ்க்கை வரலாறு இது. நாயின் மூக்கு வழியாக எழுதப்பட்டது என்றே சொல்லலாம். 1846 செப்டெம்பரில் லண்டனில் நாய் திருடும் கும்பலொன்று ஃப்ளஷைக் கொண்டுபோய்விட்டது. காசு தராவிட்டால் தலையும் பாதங்களும் பொதியில் வரும் என்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். அப்பா கொடுக்கக் கூடாது என்கிறார். திருடருக்குப் பணிவது அநீதிக்குப் பணிவது என்று காதலன் ராபர்ட் பிரௌனிங்கும் வாதாடுகிறார். வருடக்கணக்காக நோயாளியாக அறைக்குள் கிடந்த அந்தப் பெண் வண்டி பிடித்து அந்தச் சேரிக்கே போகிறார். கடைசியில் ஆறு கினி கொடுத்து நாயை மீட்டார்கள். இரண்டு கிழமைக்குள் அவர் இரகசியக் கலியாணம் செய்து இத்தாலிக்கு ஓடினார், நாயையும் கொண்டு.

பிறகு வருவதுதான் எங்களுக்கான பகுதி. லண்டனில் ஃப்ளஷ் உயர்சாதி. காதின் வளைவு, தலையின் வடிவம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே சங்க விதிகள் உண்டு. இத்தாலியத் தெருவில் இறங்கிப் பார்த்தால் எல்லாம் கலப்பு நாய்கள். முதலில் மூக்கைச் சுளிக்கிறது. பிறகு தெள்ளுத் தொல்லையில் உடம்பு மயிர் முழுக்க வழிக்கப்பட்டு, தன் குலச்சின்னமெல்லாம் உதிர்ந்து நிற்கும்போது அதற்கு ஒரு விடுதலை வருகிறது. புலம்பெயர்ந்த பிறகும் ஊர்க்கோயில் கூட்டத்தில் யார் எந்தப் பகுதி என்று விசாரிக்கும் எங்கள் பெரியவர்களுக்கு இதைத் தமிழாக்கிக் கொடுக்கலாம் என்று மகள் சொன்னாள். நான் என் அண்ணன்மாரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பிள்ளைகள் சின்னவர்கள் என்றால், கனடாவில் இருப்பவர்கள் 'பியூட்டிஃபுல் ஜோ'வில் தொடங்கலாம். மார்ஷல் சாண்டர்ஸ் 1890களில் எழுதியது. பால்காரன் ஒருவனால் காதும் வாலும் வெட்டப்பட்ட நாய் தானே கதை சொல்கிறது. உண்மையான ஜோ ஒன்டாரியோவின் மீஃபோர்டில் வாழ்ந்த நாய், அந்த ஊரில் அவன் பெயரில் பூங்கா இருக்கிறது. கதையில் உபதேசம் அதிகம், பக்கத்துக்குப் பக்கம் நல்லொழுக்கம். ஆனால் பத்து இலட்சம் பிரதிகள் விற்ற முதல் கனடிய நூல்களில் ஒன்று. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு மிருகவதையைப் பற்றிச் சொன்ன புத்தகம் இது.

தமிழில் என்றால் இரண்டு பெயர் சொல்வேன். பெருமாள்முருகனின் 'பூனாச்சி' ஒரு வெள்ளாட்டின் கதை. 'மாதொருபாகன்' பிரச்சினையில் எழுத்தை நிறுத்தியவர் 2016இல் திரும்பி வந்து எழுதிய முதல் நாவல் அது. மனிதரைப் பற்றி எழுதினால் வரும் வில்லங்கத்தை அனுபவித்தவர் ஆட்டுக்குட்டியிடம் போனார் என்பதே ஒரு காலத்தின் சாட்சி. மற்றது மெல்பேர்ன் மிருக வைத்தியர் நோயல் நடேசனின் 'வாழும் சுவடுகள்'. நோயாளி நாயும் பூனையும்தான், ஆனால் அந்தந்த வீடுகளின் தனிமை முழுவதும் வைத்தியரின் மேசைக்கு வந்துவிடுகிறது. எங்கள் புலம்பெயர் இலக்கியத்தில் வெள்ளைக்காரரின் வீட்டுக்குள் இப்படி நுழைந்த எழுத்து குறைவு.

கடைசியாக, புத்தகமாகப் பார்த்தால் மிகப் பெரியது, எனக்கு வேண்டிய பகுதி மிகச் சிறியது: ஹோமரின் 'ஒடிஸி', 17ஆம் காண்டம். 20 வருடம் கழித்து ஒடிஸியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கு வருகிறான். சாணக்குவியலில் கிடக்கும் கிழநாய் ஆர்கோஸ் அவனை அடையாளம் கண்டு வாலை ஆட்டுகிறது. வேடம் கலைந்துவிடும் என்பதால் அவன் கிட்டப் போக முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகிறான். நாய் செத்துப்போகிறது. சில வரிகள்தான். இதை உரையாசிரியர்கள் நாயின் விசுவாசம் என்று விளக்குவார்கள். நான் வாசிக்கும்போதெல்லாம் கடந்து போகிறவனைத்தான் பார்க்கிறேன்.

மகள் இதை வாசித்த இரவுதான் கேட்டாள், "ஜிம்மிய ஆர் அவிழ்த்துவிட்டது?" அப்பம்மா என்று சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். அடுத்த ஞாயிறு, முப்பது வருடத்தில் முதல்தடவையாக, அம்மாவிடம் போனில் கேட்டேன்.

அம்மாவுக்கு 81 வயது. ஞாபகம் நல்ல தெளிவு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"என்ன தம்பி கேக்கிறாய்," என்றார். "நீயெல்லோ அவிட்டு விட்டனி."