இந்தியப் பச்சோந்தி

இந்தியப் பச்சோந்தி (கமேலியோ செய்லானிக்கசு) என்பது மரங்களிலும் புதர்களிலும் வாழும் ஊர்வன இனங்களுள் ஒன்றாகும். உலகில் 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவிலும் மடகாசுகரிலும் காணப்படுகின்றன. இந்தியாவில் இயற்கையாக வாழ்வது இவ்வினம் மட்டுமே. 1768 ஆம் ஆண்டு ஆத்திரிய இயற்கையியலாளர் யோசெப்பசு லோரெண்டி இதனை அறிவியல் முறையில் விவரித்தார். இலங்கையைக் குறிக்கும் சொல் இதன் பெயரில் இருப்பினும், தென்னிந்தியாவின் வறண்ட காடுகளிலும் இது பரவலாக உள்ளது.

பெயர்

பச்சை, ஓந்தி ஆகிய சொற்கள் இணைந்து பச்சோந்தி ஆயிற்று. ஓந்தி என்பது ஓணானைக் குறிக்கும். வேலிகளில் தலையாட்டும் ஓணானும் இனப்பெருக்கக் காலத்தில் சிவப்பாக மாறுவதால், பலர் அதனையே பச்சோந்தி எனத் தவறாக அழைப்பதுண்டு. ஓணான் விரைந்து ஓடும். பச்சோந்தியோ காற்றில் அசையும் இலைபோல் ஆடி ஆடி நகரும்.

உடலமைப்பு

உடல் பக்கவாட்டில் தட்டையானது. தலையில் தலைக்கவசம் போன்ற மேடு உண்டு. விரல்கள் இரண்டும் மூன்றுமாக எதிரெதிர்த் தொகுதிகளாக ஒட்டியிருப்பதால், கால்கள் இடுக்கி போலக் கிளையைப் பற்றுகின்றன. சுருளும் வால் ஐந்தாவது காலாகப் பயன்படுகிறது. இரு கண்களும் தனித்தனியே வெவ்வேறு திசைகளில் சுழலும். இரை தென்பட்டதும் இரண்டும் ஒருசேர அதன்மீது நிலைகொள்ளும். நாக்கினுள் உள்ள எலும்பைச் சுற்றிய தசையும் மீள்தன்மையுள்ள திசுக்களும் வில்லைப்போல் விசையைத் தேக்கி நாக்கைச் செலுத்துகின்றன. வெட்டுக்கிளி முதலிய பூச்சிகள் இதன் உணவு. இலைகளில் தங்கும் நீர்த்துளிகளை நக்கிக் குடிக்கும்.

நிறமாற்றம்

சூழலின் நிறத்தை அப்படியே நகலெடுக்கும் என்பது பரவலான தவறான கருத்து. வெப்பம், ஒளி, அச்சம், இணைநாட்டம் ஆகியவையே நிறமாற்றத்திற்கு முதன்மைக் காரணங்கள். குளிர்ந்த காலையில் வெப்பத்தை ஈர்க்க உடல் கருமையடையும். மடகாசுகர் இனமொன்றில் நடந்த ஆய்வு, தோல் உயிரணுக்களிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என 2015 இல் காட்டியது.

விழுப்புரம் வட்டாரத்தில்

செஞ்சி மலைகளைச் சூழ்ந்த முட்புதர்கள், புத்துப்பட்டு கோயில்காடு போன்ற வறண்ட பசுமைமாறாக் காடுகள், வயல்வேலிகள் முதலியவை இவ்வினத்திற்கு ஏற்ற வாழிடங்களாகும். திண்டிவனத்தின் பெயரே புளியமரக் காட்டைக் குறிப்பதாகக் கூறுவர். சென்னை–திருச்சி நெடுஞ்சாலை அகலப்படுத்தப்பட்டபோது சாலையோரப் புளியமரங்கள் பல வெட்டப்பட்டன. கிளைகள் தொடர்பற்றுப் போகுமிடத்தில் பச்சோந்தி தரையிறங்கியே சாலையைக் கடக்க வேண்டும். அதன் மெதுவான நடைக்கு அது பேரிடராகும். முட்டையிடும் பெண் பச்சோந்தியும் மண்ணில் குழி தோண்டவே இறங்குகிறது.

இதற்கு நஞ்சு இல்லை. எனினும் இதனைக் கண்டால் தீமை என அஞ்சி அடித்துக் கொல்வோர் உள்ளனர். சீண்டினால் உடலை ஊதிச் சீறும், சிலபோது கடிக்கும், அவ்வளவே. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதனைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் குற்றமாகும்.