மலையிறங்கிய மாணாக்கரும் வாடகை அறையும்

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றாகிய பைல் நாட்டில் பிறந்த பிள்ளைகள் கலாசாலைப் படிப்பை விரும்பிய நாள் முதலாக, மலையிறங்கி, இராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ சேலத்திலோ ஒரு வாசஸ்தலம் தேடும் சிரமமும் அவர்களோடு கூடவே வந்தது. பழங்குடியினருக்கென்று அரசு நடத்தும் விடுதிகள் அவர்களுக்கு அன்னமும் உறைவிடமும் அளித்தன. இது மகத்தான தர்மம் என்றே கருதுகிறேன். ஆனால் விடுதியில் இடம் கிடைக்காதவனும், படிப்பு முடிந்து உத்தியோகம் தேடி நகரத்திலேயே தங்க நேர்ந்தவனும் வாடகை அறையைத்தான் நாட வேண்டியிருந்தது.

இது மலைவாசிகளுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1912ஆம் ஆண்டில் சென்னையில் உத்தியோகம் தேடிக்கொண்டிருந்த கணித மேதை இராமானுஜன் திருவல்லிக்கேணியின் 'சம்மர் ஹவுஸ்' என்னும் கட்டடத்தில் ஒதுங்கியிருந்தார். பிற்காலத்தில் அதே பேட்டை வாடகை அறைகள் கொண்ட 'மேன்ஷன்'களால் பிரசித்தி பெற்றது. எனினும், மலையிலிருந்து வந்தவனுக்குச் சிபாரிசு செய்ய நகரத்தில் உறவினர் இல்லை. ஜாதியை விசாரித்த பின்னரே அறையைக் காட்டும் வீட்டுக்காரர்களும் இருந்தார்கள்.

எல்லாவற்றினும் கடினமானது முன்பணம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்று விதித்திருந்தும், அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாக வைத்து, வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடம் கொடுத்துவிட்டது. சமவெளி வீட்டுக்காரர்களே, மலைப்பிள்ளைகளிடம் அவ்விதிவிலக்கைப் பிரயோகிக்காதீர்கள்.