கோர்ஸ் முடிச்சா சம்பளம் ஏறுமா? ஒரு பள்ளத்தோட கதை

ஆர் மொழியில 'மேட்ச்இட்' பேக்கேஜைத் தொட்டவங்களுக்கு 'லலாண்ட்' டேட்டாசெட் தெரிஞ்சிருக்கும். 614 வரிசை. வயசு, படிப்பு, கல்யாணம் ஆச்சா, வருமானம் எவ்வளவு. டுடோரியல் முடிஞ்சதும் மூடி வெச்சிட்டுப் போயிடுவோம். அதுல 185 பேர், 1970-கள்ல அமெரிக்காவுல வேலை கிடைக்காம அலைஞ்சு, ஒரு பயிற்சித் திட்டத்துல சேர்ந்த ஆம்பளைங்க. இன்னைக்கு எபிசோட் அவங்க எப்படி டேட்டா ஆனாங்க என்பதுதான்.

1962-ல போகலாம். ஆட்டோமேஷன் எல்லார் வேலையையும் பிடுங்கிடும்னு அமெரிக்காவில் பயம். (ஆமா, அப்பவே.) அதிபர் கென்னடி மனிதவளப் பயிற்சிச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வேலை போன பெரியவங்களுக்கு வெல்டிங், மெஷின் வேலைன்னு புதுத் தொழில் சொல்லிக்கொடுக்க மத்திய அரசே பணம் கொடுத்தது. செலவு ஏற ஏற, போட்ட காசு திரும்பி வருதா என்ற கேள்வியும் கூடவே வந்தது.

சுலபம்தானே? பயிற்சிக்கு முன்னாடி சம்பளம், பின்னாடி சம்பளம், கழிச்சுப் பார்த்தா முடிஞ்சது. பிரின்ஸ்டன் பொருளாதார அறிஞர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1964-ல பயிற்சி எடுத்தவங்களோட வருமானப் பதிவுகளை வருஷ வாரியா வரைஞ்சு பார்த்தார். 1978-ல வந்த அந்தக் கட்டுரையில் ஒரு விஷயம் கண்ணில் குத்தியது: பயிற்சிக்குச் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எல்லாருக்கும் வருமானம் திடீர்னு சரிஞ்சிருக்கு. இதை இன்னைக்கும் 'ஆஷன்ஃபெல்டர் பள்ளம்'னுதான் சொல்றாங்க.

யோசிச்சா நியாயம்தான். நல்லா ஓடிட்டிருக்கும்போது யாரு கோர்ஸ் தேடுவா? 40,000 வாங்கினவர் வேலை போய் 15,000-க்கு ஏதோ பார்க்கிறார்னு வைங்க. கோர்ஸில் சேர்றார், முடிச்சு 35,000-க்குப் போறார். விளம்பரத்துல 'இருபதாயிரம் ஹைக்' என்று வரும். கோர்ஸே இல்லாம இருந்தாலும் ஒரு வருஷத்தில் பாதி தூரமாவது அவரே ஏறி வந்திருப்பார். அந்தப் பங்கைக் கழிக்கணும், ஆனா எவ்வளவு கழிக்கணும்? ஆஷன்ஃபெல்டர் தன்னால முடிஞ்ச அளவு கழிச்சுப் பார்த்தார். பெண்களுக்கு வருஷத்துக்கு 300-லிருந்து 600 டாலர் லாபம், அது குறையவும் இல்லை. ஆண்களுக்கு 150-லிருந்து 500, ஐந்து வருஷத்தில் அது கிட்டத்தட்ட பாதியாயிடுச்சு.

அதே காலத்துல வேற ஒரு பரிசோதனை ஓடிட்டிருந்தது. சிறையிலிருந்து வந்தவங்க, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவங்க, உதவித்தொகையில் வாழ்ந்த தாய்மார்கள், பள்ளியை விட்ட இளைஞர்கள். இவங்களுக்குச் சில மாசம் உத்தரவாதமான வேலை, கூடவே ஆலோசனை. விண்ணப்பிச்சவங்களைக் குலுக்கல் முறையில் பிரிச்சாங்க: பாதிப் பேருக்கு வேலை, மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. கேட்கக் கொடூரமா இருக்கும். ஆனா இரண்டு பக்கமும் ஒரே பள்ளத்தில் நிற்கிறாங்க, அதனால வித்தியாசம் முழுக்கப் பயிற்சியோட கணக்கு.

இங்கதான் ராபர்ட் லலாண்ட் வர்றார். 1986-ல அவர் செஞ்சது எனக்கு டெஸ்டிங் மாதிரிதான் தெரியுது. குலுக்கல் தந்த சரியான விடை கையில் இருக்கு: ஆண்களுக்கு வருஷத்துக்கு 900 டாலருக்குக் கொஞ்சம் குறைவான லாபம். குலுக்கலில் விடுபட்டவங்களைத் தூக்கிப் போட்டுட்டு, அந்த இடத்தில் பொதுவான குடும்ப சர்வேயில் இருந்த ஆட்களை வெச்சார். நேரா ஒப்பிட்டா பயிற்சி எடுத்தவங்க 15,000 டாலருக்கு மேல பின்தங்கி இருக்காங்க! அப்போ புழக்கத்தில் இருந்த திருத்த ஃபார்முலாக்களை எல்லாம் ஓட்டினார். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விடை, பலது சரியான விடைக்குப் பக்கத்திலேயே வரலை. நம்ம மேட்ச்இட் கோப்பில் இருக்கிற மீதி 429 பேர் அந்த சர்வே ஆட்கள்தான்.

அப்புறம் அரசாங்கமே குலுக்கலுக்கு வந்தது. 1980-களின் கடைசியில் 16 ஊர்களில், சுமார் 20,000 பேரை வெச்சு அடுத்த திட்டத்தைச் சோதிச்சாங்க. பெரியவங்களுக்குச் சுமாரான லாபம், இளைஞர்களுக்கு ஒண்ணுமே இல்லை. 1990-களின் நடுவில் இளைஞர் பயிற்சிக்கான நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் பெருசா வெட்டிடுச்சு. பெரியவங்க பங்கு தப்பிச்சது. ஒரு ரிப்போர்ட்டுக்கு இவ்வளவு பலம்!

லலாண்ட் இதோட விடலை. வாஷிங்டன் மாநிலத்தில் வேலை போய், சமுதாயக் கல்லூரிக்குத் திரும்பின தொழிலாளிகளை இரண்டு பேரோட சேர்ந்து ஆராய்ஞ்சார். ஒரு வருஷப் படிப்புக்கு ஆண்களுக்கு சுமார் 9 சதவீதம், பெண்களுக்கு 13 சதவீதம் வருமானம் கூடியிருந்தது. ஆனா அந்த சராசரியைப் பிரிச்சுப் பார்த்தா, லாபம் முக்காலும் கணக்கும் தொழில்நுட்பமும் அதிகமா இருந்த பாடங்களிலிருந்து வந்திருக்கு. மத்த பாடங்களில் ரொம்பக் குறைவு, சிலதில் பூஜ்யமாகவே இருக்கலாம். அதனால 'சராசரி ஹைக்' என்று யாராவது சொன்னா நான் இரண்டு கேள்வி கேட்பேன்: எந்தப் பாடம்? சேர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடி இல்லை, மூணு வருஷம் முன்னாடி அவங்க சம்பளம் என்ன?

ஆஷன்ஃபெல்டர்கிட்ட டாக்டர் பட்டத்துக்குப் படிச்ச டேவிட் கார்டும் ஜோஷுவா ஆங்கிரிஸ்ட்டும் 2021-ல நோபல் வாங்கினாங்க, கூட கீடோ இம்பென்ஸ். கார்டோட குறைந்தபட்சக் கூலி ஆராய்ச்சி அடுத்த எபிசோடில்.